மாடியிலிருந்து வந்த வாசம்

ஜூன் 12, திங்கள்

இது என் மகள் தர்ஷிகாவின் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டு. எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதியில் எழுதுகிறேன். அவள் தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதிவைக்கும்படி மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவர வேண்டுமாம். சாப்பாட்டை மட்டும் எழுதினால் போதும் என்றார். சாப்பாட்டை மட்டும் எழுதினால் யார் ஊட்டினார்கள் என்று எப்படித் தெரியும்? நான் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரால் நானூற்றுப் பன்னிரண்டு. இருநூறுக்குள் இருக்க வேண்டுமாம். குதிகாலுக்கு மேலும் முழங்கையிலும் மஞ்சளாகக் கட்டி கட்டியாக வந்ததை மரு என்று நினைத்து இரண்டு வருடம் களிம்பு தடவினோம். அது மரு இல்லை, கொழுப்பு. இதே கொழுப்பு இதயக் குழாயிலும் படியும், குறைக்காமல் விட்டால் இருபது வயதுக்குள் மாரடைப்பு வரலாம் என்று டாக்டர் மழை வரலாம் என்பதுபோலச் சொன்னார். மாமா ரிப்போர்ட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் எல்லாக் கேள்வியும் கேட்டேன்.

டாக்டர் படிப்பார் என்பதால் யார் யார் என்று எழுதிவிடுகிறேன். மாமா என்றால் என் வீட்டுக்காரர் ரத்தினவேல். என் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. விருதுநகரில் எங்களுக்கு எண்ணெய்க் கடை. மாடியில் மாமாவின் தம்பியும் அவர் பெண்டாட்டி சுகந்தியும் இருக்கிறார்கள். நான் இந்த வீட்டு ரத்தம். அவள் குளச்சல் பக்கம், அந்நியத்தில் எடுத்தது. நாலு வருடம் முன்னால் எங்கள் கடை நல்லெண்ணெய் காறல் அடிக்கிறது என்று விருந்தாளிகள் முன்னால் சொன்னாள். அன்றைக்கே அடுப்பைப் பிரித்தோம். அதற்குப் பிறகு எங்கள் எண்ணெயில் ஒரு சொட்டு அவள் அடுப்படிக்குள் போகவில்லை. தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயில் சமைக்கிறாள்.

ஜூன் 13

காலை: வெறும் வயிற்றில் நல்லெண்ணெய் ஒரு கரண்டி. இட்லி மூன்று, எள்ளுப் பொடி, நல்லெண்ணெய். மதியம்: சோறு, பருப்பு, கீரை. மோரில் ஸ்டெரால் பொடி ஒரு பாக்கெட். சாயங்காலம்: கடலை மிட்டாய் இரண்டு, பாதாம் ஆறு. ராத்திரி: தவிட்டெண்ணெயில் சப்பாத்தி, பொடி இன்னொரு பாக்கெட், கொலஸ்ட்ரால் மாத்திரை.

பொடியைப் பற்றி டாக்டர் விளக்கமாகச் சொன்னார். செடிகொடிகளில் தாவர ஸ்டெரால் என்று ஒன்று இருக்கிறதாம். பார்க்கக் கொலஸ்ட்ராலின் உடன்பிறப்பு மாதிரி இருக்குமாம். சாப்பாட்டோடு உள்ளே போனால் குடல் வாசலில் கொலஸ்ட்ராலை முந்திக்கொண்டு நிற்கும், கொலஸ்ட்ரால் இடம் கிடைக்காமல் வெளியே போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு கிராம் போனால் கெட்ட கொழுப்பு பத்தில் ஒரு பங்கு குறையுமாம். பத்தில் ஒரு பங்கு எந்த மூலைக்கு? ஆனால் எள், கடலை, தவிட்டெண்ணெய், பாதாம் எல்லாவற்றிலும் இதே சரக்கு இருக்கிறது என்றும் சொன்னார். அதைக் கேட்டதும்தான் மாமாவுக்கு முகம் தெளிந்தது.

"நம்ம கடையிலேயே மருந்து இருக்கு கனி. பிள்ளைக்குக் குறைவில்லாமக் குடு" என்றார்.

குறை வைப்பேனா?

ஜூன் 25, ஞாயிறு

முட்டை, கறி, நெய், வெண்ணெய் எல்லாம் வீட்டை விட்டுப் போய்விட்டன. மாமாவுக்கும் சேர்த்துத்தான் நிறுத்தினேன். புரோட்டாக் கடைப் பக்கம் போனால் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று: எள்ளுச் சாதம், கடலைத் துவையல், எள்ளுருண்டை இரண்டு. பொடி இரண்டு.

மதியம் மாடியில் மீன் பொரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஜன்னலைத் திறந்துவைத்துப் பொரிக்கிறாள்.

ஜூலை 19

பொடி இரண்டு. எள்ளுருண்டை மூன்று. பிள்ளைக்கு அலுத்துவிட்டது. அலுப்பாவது ஒன்றாவது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

தர்ஷிகா ஞாயிற்றுக்கிழமையும் காலுறை போட்டுக்கொண்டு திரிகிறாள். கழற்றச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். நானே உருவிப் பார்த்தேன். குதிகால் கட்டி முன்பைவிடப் பெரிதாகத்தான் தெரிந்தது. மாமா இல்லை என்றார். அவருக்கு எது கண்ணில் தெரிந்திருக்கிறது?

சாயங்காலம் மாடிக்குப் போய்ச் சுகந்தி மகனுக்கு யானை வரைந்து கொடுத்தாளாம். அவனுக்கு நாலு வயது, யானை வேண்டுமாம். ஒரு மணி நேரம் யானை வரைவார்களா?

செப்டம்பர் 11, திங்கள்

நானூற்று எண்பத்தாறு.

குறையவில்லை, எழுபத்துநாலு ஏறியிருக்கிறது. மூன்று மாதம் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். மேலாகத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வெளிய எங்கயாவது சாப்பிடுறாளாம்மா?" என்று கேட்டார். வெளியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் காதிலும் விழுந்திருக்கும். நோட்டில் இல்லாத சாப்பாடு எங்கேயோ நடக்கிறது. எங்கே என்று எனக்குத் தெரியும்.

பேருந்தில் வரும்போது தர்ஷிகாவிடம் கேட்டேன். இல்லை என்றாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் இல்லை என்றாள். மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவே போதும்.

செப்டம்பர் 13

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கையை மோந்து பார்த்தேன். சோப்பு வாசம். எதற்காகக் கை கழுவினாள்?

எள்ளுருண்டையை நாலாக்கிவிட்டேன். அங்கே ஏறுவதை இங்கே இறக்க வேண்டுமே.

செப்டம்பர் 17, ஞாயிறு

நடந்தது இது.

பதினொரு மணிக்குப் படம் வரையும் நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பன்னிரண்டரைக்கு இறங்கி வந்தாள். தலைமுடியெல்லாம் மீன் வாசம். என்ன தின்றாய் என்று கேட்டேன். "தண்ணிகூடக் குடிக்கலம்மா" என்றாள். வாசம் வருகிறதே என்றேன். சித்தி பொரித்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றாள். கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அடித்துவிட்டேன். தோளில் விழ வேண்டியது, திரும்பினாள், உதட்டில் பட்டது. பொய் சொன்னதற்கு அடித்தேன், வேறு எதற்கும் இல்லை.

அவள் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, "இனிமே உன் கையால ஒண்ணும் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

மேல்படியில் சுகந்தி நின்றாள். நாலு வருடத்தில் நேராக என்னிடம் பேசியது இன்றைக்குத்தான். "நான் ஒரு வாய் குடுக்கலக்கா. நீங்க டாக்டர் சொன்னபடி செய்யிறீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா இனி குடுப்பேன். நீங்க என்ன செய்யணுமோ செஞ்சுக்கிடுங்க."

எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் இப்படிப் பொய் சொல்லிவிட்டு அதிலேயே மிரட்டவும் செய்வாள்.

மாமா வந்து இரண்டு நாள் இருக்கட்டும் என்றார்.

செப்டம்பர் 20

இரண்டு நாள் முடிந்தது. வரவில்லை. மாத்திரை அட்டையையும் பொடிப் பாக்கெட்டுகளையும் எள்ளுருண்டை டப்பாவையும் மாமாவிடம் கொடுத்து அனுப்பினேன். மாத்திரையை வாங்கிக்கொண்டார்கள். மற்ற இரண்டும் திரும்பி வந்துவிட்டன. பொடி குமட்டுகிறதாம்.

சரி. மேலே என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? வாசம் வருகிறதே, போதாதா? இனி அதை எழுதுகிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனை அக்டோபர் முப்பது. அன்றைக்கு இந்த நோட்டு பேசும்.

செப்டம்பர் 20 மதியம்: மீன் குழம்பு. ராத்திரி: நெய் தோசை.

செப்டம்பர் 24, ஞாயிறு

காலை: வெண்ணெய் உருக்கும் வாசம். மதியம்: ஆட்டுக்கறி. சந்தேகமே இல்லை, ஆட்டுக்கறிதான்.

தர்ஷிகா சிரிக்கிற சத்தம் கேட்டது.

அக்டோபர் 2

முட்டை. தேங்காய் எண்ணெயில் ஏதோ. மீன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். போய்விட்டு வருகிறேன் என்று சொல்கிறாள். நானும் சரி என்கிறேன். உதட்டில் தழும்பு இல்லை, பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 9

நெய். ஏறட்டும்.

அக்டோபர் 10

நேற்று ஏறட்டும் என்று எழுதியது பிள்ளை மேல் உள்ள கோபத்தில் இல்லை. காகிதத்தில் வந்தால்தான் மாமாவுக்கு உறைக்கும் என்பதால் எழுதினேன். ஐநூறைத் தாண்டினால் அந்த ரிப்போர்ட்டை மாடிப்படிச் சுவரில் ஒட்டிவைப்பேன். சுகந்தி ஏறும்போதும் இறங்கும்போதும் பார்க்கட்டும்.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. கடையில் செக்குக்குச் சந்தனம் வைத்தோம். மாடியிலிருந்து எல்லோரும் வந்தார்கள். சுகந்தி பொரிகடலையை எடுத்துக்கொண்டாள், எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவில்லை. தர்ஷிகா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். கன்னம் நன்றாக இருந்தது. கொழுப்பு ஏறினால் அப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 30, திங்கள்

இருநூற்று எழுபத்தொன்று.

அக்டோபர் 31

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ரத்தம் எடுத்த இடத்தில் சண்டை போட்டேன். வேறு யாருடைய ரத்தத்தையோ மாற்றிவிட்டீர்கள் என்றேன். அங்கே இருந்த பெண் குப்பியில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டினாள். இன்று காலை விருதுநகரிலேயே வேறொரு இடத்தில் எடுத்தோம். இருநூற்று அறுபத்தெட்டு.

மாமா படியில் உட்கார்ந்து அழுதார், சந்தோஷத்தில். எனக்கும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அது இல்லை. சுவரில் ஒட்ட ஒன்றும் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கவில்லை.

நவம்பர் 3

மதுரை டாக்டருக்கே விளங்கவில்லை. மாத்திரை அப்போதும் சாப்பிட்டாள், இப்போதும் சாப்பிடுகிறாள், அதனால் மாத்திரையால் குறையவில்லை என்றார். சாப்பாட்டை மாற்றினால் இவ்வளவு இறங்குவது வழக்கமே இல்லையாம். இப்படி இறங்குகிற நோய் ஒன்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை என்று சொல்லிச் சென்னையில் ஒரு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். நோட்டைக் கண்டிப்பாகக் கொண்டு போகச் சொன்னார்.

நவம்பர் 8, புதன், சென்னை

இந்த டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தர்ஷிகாவின் கட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டு அவளை மாமாவோடு வெளியே அனுப்பினார். பிறகு நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். மேலாக அல்ல, ஒவ்வொரு வரியாக. சுகந்தியைப் பற்றி எழுதியதையும் படித்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலால் சின்னச் சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டே போனார். முடிந்ததும் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

வட்டம் போட்டதெல்லாம் நான் கொடுத்தவை. நல்லெண்ணெய். எள்ளுப் பொடி. பாதாம். கடலை மிட்டாய். தவிட்டெண்ணெய். பொடி இரண்டு, பொடி இரண்டு, பொடி இரண்டு. எள்ளுருண்டை நாலு. மாடி வாசத்தில் ஒரு வட்டம்கூட இல்லை.

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். நம் எல்லோர் குடலிலும் தாவர ஸ்டெரால் வாசல் வரை வரும், கொலஸ்ட்ராலை மறிக்கும், ஆனால் உள்ளே தங்க முடியாது. தப்பி நுழைகிற கொஞ்சத்தையும் உடம்பு பிடித்து வெளியே தள்ளிவிடும். அதனால்தான் மற்றவர்களுக்கு அது நல்லது செய்கிறது. பல லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு அந்தத் தள்ளுகிற வேலை நடக்காது. உள்ளே போனது போனதுதான், ரத்தத்தில் சேரும், கட்டியாகும், குழாயில் படியும். சாதாரணப் பரிசோதனையில் இதையும் கொலஸ்ட்ரால் என்றே சேர்த்துக் காட்டிவிடும். பிரித்துப் பார்க்கத் தனிப் பரிசோதனை இருக்கிறது, அதற்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

"அப்ப நான் குடுத்ததுதான் ஏறுச்சா?" என்று கேட்டேன்.

"வேணும்னு குடுக்கல. வேற எந்தப் பிள்ளையா இருந்தாலும் நீங்க செஞ்சது சரி" என்றார்.

வேற எந்தப் பிள்ளையா இருந்தாலும். எனக்கு இருப்பது ஒரு பிள்ளை.

அப்பாவிடமிருந்து ஒரு பழுதும் அம்மாவிடமிருந்து ஒரு பழுதும் சேர்ந்தால்தான் இது வரும் என்றார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். தாய்மாமன் என்றேன். பதினாறு வருடமாக இந்த வார்த்தையை நிமிர்ந்துதான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அவர் இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில், மாடியில் அந்த ஆறு வாரம் பிள்ளை சரியாக என்ன சாப்பிட்டாள் என்று தெரிய வேண்டும் என்றார். எழுதியிருக்கிறேனே என்றேன்.

"நீங்க வாசத்தை எழுதியிருக்கீங்க. சமைச்சவங்க எழுதணும். இதே நோட்டுல, தேதி போட்டு." என் விரல் ஒரு பக்கத்தின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். "ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்காதீங்க. எல்லாம் எனக்கு வேணும்."

நவம்பர் 9

நோட்டை மாடிக்குக் கொடுக்கவில்லை.

நவம்பர் 10

முதலிலிருந்து நானே படித்தேன். ஜூன் மாதத்திலேயே இவ்வளவு எழுதியிருக்கிறேனா?

வேறு நோட்டு வாங்கிக் கொடுத்தால் என்ன என்று மாமாவிடம் கேட்டேன். "பிள்ளை உசுரு கனி" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே பதில்.

நவம்பர் 11, சனி

நாளைக்குத் தீபாவளி. மாடி ஏறினேன். நாலு வருடத்துக்குப் பிறகு அந்த அடுப்படியைப் பார்க்கிறேன். தேங்காய் எண்ணெய்த் தகரம், நெய் பாட்டில். எள் இல்லை, கடலை இல்லை, எங்கள் கடைப் பெயர் போட்ட ஒரு டப்பா இல்லை. எங்கள் எண்ணெய் மேல் உள்ள ஆத்திரத்தில் அவள் ஒதுக்கி வைத்ததெல்லாம் என் பிள்ளைக்கு ஆகாதது. வேண்டுமென்றே பத்தியம் சமைத்திருந்தால்கூட இவ்வளவு சரியாக அமைந்திருக்காது. தேங்காய் எண்ணெயில் அந்த ஸ்டெரால் கொஞ்சம்தான் என்று சென்னை டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

டாக்டர் கேட்டதைச் சொல்லி நோட்டை மேடைமேல் வைத்தேன். முன்னால் உள்ளதைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் படிக்காமல் இருப்பாளா?

நவம்பர் 14, செவ்வாய்

சுகந்தி நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எல்லாம் படிச்சேன்க்கா. மறக்க மாட்டேன். நீங்க மன்னிப்புக் கேட்டாலும் மறக்க மாட்டேன், அதனால கேக்காதீங்க. பிள்ளைக்கு மதியச் சாப்பாடு நான் குடுப்பேன், அது வேற."

கேட்பதாகத்தான் இருந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறாள். குண்டு குண்டான எழுத்து. வசவு ஒன்றுகூட இல்லை. நெய் எத்தனை கரண்டி, மீன் எத்தனை துண்டு, முட்டை வாரம் இரண்டுதான், இதுதான் இருக்கிறது. ஆட்டுக்கறி என்று நான் எழுதிய ஞாயிற்றுக்கிழமையில் தேங்காய் எண்ணெயில் வதக்கிய காளான் என்று இருக்கிறது. முதல் நாளை மட்டும் இங்கே பார்த்து எழுதிவைக்கிறேன்.

"செப். 17. மதியம்: ஒன்றும் சாப்பிடவில்லை, உதடு வீங்கியிருந்தது. மாலை: பால் அரை டம்ளர். இரவு: சோறு, ரசம். இதற்கு முன்னால் என் வீட்டில் பிள்ளை எதுவும் சாப்பிட்டதில்லை. நான் கேட்கும்போதெல்லாம், வெளியே சாப்பிட மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன் சித்தி என்று சொல்லும்."

நவம்பர் 24, வெள்ளி

தனிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அதே நோய்தான். மாமாவிடமும் என்னிடமும் அந்தப் பழுதில் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. குடல் வாசலையே அடைக்கிற வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு எள், கடலை, பாதாம், கடை எண்ணெய் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஒழுங்காக இருந்தால் கட்டிகூடக் கரையுமாம். இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள். குழாயில் லேசாகப் படிந்திருக்கிறது, நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்றார்கள். படிந்ததில் இந்த ஜூனுக்குப் பிறகு படிந்தது எவ்வளவு என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்கள்.

தர்ஷிகா இரவுச் சாப்பாட்டுக்குக் கீழே வந்தாள். முதல் வாயைக் கையில் வைத்துக்கொண்டே, "அம்மா, செப்டம்பர் பதினேழு பக்கத்தை எடு" என்றாள். நோட்டு மாடியில் இருந்தபோது அவளும் படித்திருக்கிறாள். எடுத்தேன். பொய் சொன்னதற்கு அடித்தேன் என்ற வரியில் விரலை வைத்தாள். டாக்டர் ஒரு பக்கத்தையும் கிழிக்கக் கூடாது என்றுதானே சொன்னார், திருத்தக் கூடாது என்று சொல்லவில்லையே என்றாள். பேனாவை அவளே எடுத்துத் தந்தாள்.

அதற்குக் கீழே எழுதினேன்: பொய் சொல்லவில்லை.

பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

நவம்பர் 25

காலை: நெய் ஊற்றி இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி கொஞ்சம். மாத்திரை. மதியம்: மாடியில். சோறு, மீன், மோர் என்று சொன்னாள். நான் மோந்து பார்க்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.